மூச்சு டிரசரும் துரை விட்டுப்போன காரும்

ஒரு காரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "எங்கே, நல்லா இழுத்து மூச்சு விடு" என்று சொன்ன மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவரும் மலாக்காவில், காஜா பேராங்கில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தார்.

அவருடைய பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டங்களில் டாக்டர் எப்போதாவது வந்து தலைகாட்டிவிட்டுப் போவார். ஊசி போடுவது, புண் கட்டுவது, பிரசவம் பார்ப்பது, வேலைக்குப் போகாமல் வயிற்றுவலி என்று படுத்திருப்பவனை எழுப்பி உட்கார வைப்பது எல்லாம் டிரசர்தான். எங்கள் தெருவுக்கு வந்தபோது அவர் வெறும் டிரசர். 'மூச்சு' என்ற பட்டம் காரோடு வந்தது.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று உறுதியானதும் அவருடைய தோட்டத்துத் துரை சீமைக்குக் கிளம்பினார். போகும்போது பங்களாவில் இருந்ததையெல்லாம் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நாயைத் தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணிக்குக் கொடுத்தார். எப்போதோ மலேரியாவில் பிழைக்க வைத்த நன்றிக்காகக் காரை டிரசருக்குக் கொடுத்தார். நாய் கிடைத்த கிராணி கடைசிவரை நிம்மதியாக இருந்தார்.

அது சாதாரணக் கார் இல்லை. மேலே துணிக்கூரை மடக்கிய, நாலு பேர் உட்காரும் பச்சைக் கார். இன்ஜினுக்குப் பக்கத்தில் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புக் கூடு. அதன் பெயர் சூப்பர்சார்ஜர். மற்ற இன்ஜின்கள் தங்களால் முடிந்த அளவுக்குக் காற்றை இழுத்துக்கொண்டு பிழைப்பை ஓட்டும். இது அப்படியில்லை. பெட்ரோல் கலந்த காற்றைப் பிடித்து, சங்கில் பால் புகட்டுவது போல் இன்ஜினுக்குள் வலுக்கட்டாயமாகத் தள்ளும். எவ்வளவு அழுத்தமாகத் தள்ளுகிறது என்று காட்ட ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முள். துரை ஓட்டிய காலத்தில் மேடு ஏறும்போது அந்த முள் நிமிர்ந்து நிற்குமாம். டிரசர் கைக்கு வந்ததும் அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. சமதரையில் குதிரை மாதிரி ஓடும் கார், ஒரு சின்ன ஏற்றத்தைக் கண்டால் போதும், கிழவன் மாடிப்படி ஏறுவது போல் இழுக்க ஆரம்பித்துவிடும்.

டிரசர் நாலு நாள் பார்த்தார். பிறகு தெருக்காரர்களைக் கூட்டி அறிவித்தார்.

"ஆஸ்துமா."

மூலையில் பட்டறை வைத்திருந்த அ ஃபூக் காரைப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டு, "பாகுஸ் லா, டிரசர்! எஞ்சின் நல்லா இருக்கு" என்றார்.

"படுத்துக் கிடக்கிற ஆளுக்கு மூச்சு வாங்குமாய்யா? நிக்கிற காடியில என்ன தெரியும்? மேடு ஏறச் சொன்னாத்தானே வியாதி வெளிய வரும்?" என்று டிரசர் அவரிடம் சண்டை பிடித்தார். "பூசணிக்கா காத்தைத் தள்ளுது. இன்ஜினுக்கு அது முழுசா போய்ச் சேரல. அப்பன்னா நடுவுல எங்கயோ ஒழுகுது. அதுவும் அழுத்தம் ஏறுறப்ப மட்டும் ஒழுகுது."

இதில் ஒரு சொல்லும் தப்பில்லை. அ ஃபூக்கும் தலையாட்டினார். "ஆனா எங்க?" என்றார். அந்த 'எங்க'தான் எங்கள் தெருவைப் பல மாதம் படாத பாடு படுத்தியது.

முதலில் ஸ்டெதாஸ்கோப். டிரசரின் சட்டையில் ஒரு பையில் அது எப்போதும் இருக்கும். இன்னொரு பையில் மூக்குப்பொடி டப்பா. பொடி போட்டுப் போட்டு அவர் மூக்கு வேலையை ராஜினாமா செய்து வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டில் குழம்பு தீய்ந்தால்கூடப் புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அதற்கு ஈடாகக் காதுகள் கூர்மை என்று நம்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறிய கையோடு, காரின் மூடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு குழாயாக வைத்துக் கேட்டார். நாங்கள் சுற்றி நின்றோம்.

"உஸ்! யாரும் பேசாதீங்க. கேக்குது... ஈனமா ஒரு சத்தம் கேக்குது."

காரின் அடியில் குனிந்து பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஏமாற்றமும் தொழில் பெருமையும் கலந்திருந்தன.

"பூனை குட்டி போட்டிருக்கு. சுகப்பிரசவம்" என்றார்.

அடுத்தது சோப்புத் தண்ணீர். குழாயின் ஒரு வாயை அடைத்துவிட்டு, மறு வாய் வழியாகக் காற்றடித்து, மேலெல்லாம் சோப்பு நுரையைப் பூசினால், ஒழுகும் இடத்தில் குமிழி விடும் என்பது அவர் கணக்கு. சைக்கிள் டியூபில் ஓட்டை பார்க்கிற கணக்குதான். அடைப்பதற்கு டிரசரம்மாவின் ஊறுகாய் ஜாடி மூடி போனது. காற்றடிக்க என் சைக்கிள் பம்பு போனது. குமிழி வந்தது. ஓர் இடத்தில் வந்திருந்தால் பரவாயில்லை; இரும்பும் இரும்பும் சேர்கிற இடமெல்லாம் வந்தது. டிரசர் ஒவ்வொன்றாக அடைத்தார். ஒவ்வொரு மாலையும் ஓட்டிப் பார்த்தார். முள் ஒரு மயிரிழை நிமிர்ந்தது. அதற்கு மேல் அசையவில்லை.

"இதெல்லாம் சளி, இருமல். அசல் வியாதி உள்ள ஒளிஞ்சிருக்கு, தம்பி. சைக்கிள் பம்பு காத்துக்கெல்லாம் அது வாயைத் திறக்காது" என்றார்.

டிரசரம்மா என் மனைவியிடம் வந்து, "ஊறுகாயெல்லாம் பெட்ரோல் வாடை அடிக்குது, சரோஜா. இவர் ருசி பாத்துட்டு நல்லாத்தான இருக்குங்கிறார்" என்று அழாத குறையாகச் சொன்னார்.

மூன்றாவது வைத்தியம் சாம்பிராணி. குமிழி காட்டாததைப் புகை காட்டும் என்று டிரசருக்குத் தோன்றிவிட்டது. பழைய மருந்து டின் ஒன்றில் தணல் போட்டு, சாம்பிராணியை அள்ளிக் கொட்டி, புகையைக் காரின் மூச்சுக்குழாய்க்குள் ஊதினார். பெட்ரோலை முதலிலேயே வடித்துவிட்டார் என்பதை அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். கார் புகைந்தது. கோயில் தேர் மாதிரி நாலு பக்கமும் மணக்க மணக்கப் புகைந்தது.

பக்கத்து வீட்டில் மாக் பாக்கியம் இருந்தார். மலாக்காச் செட்டிக் குடும்பம். பெயர் தமிழ், சாமி தமிழ்ச் சாமி, பேச்சு முழுக்க மலாய். அவர் சன்னலைத் திறந்தார், புகையைப் பார்த்தார், "ஆப்பி! ஆப்பி!" என்று கத்தினார். தீ, தீ என்று அவர் கத்திய கத்தலில் தெருவே வாசலுக்கு வந்தது. நாங்கள் விளக்கம் சொல்வதற்குள் குளியலறைத் தொட்டித் தண்ணீர் வாளியோடு டிரசர் தலையில் இறங்கியது.

"மாக்! இது சாமிக்குப் போடுற சாம்பிராணி மாக்!"

"சாமி?" மாக் பாக்கியம் காரை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "சாமி டாலாம் கெரெத்தா?"

சாமி காருக்குள்ளேயா இருக்கிறார் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, டிரசர் டின்னைக் கவிழ்த்துத் தணலைக் கொட்டினார்.

கடைசியில் அவர் வந்து சேர்ந்த முடிவு சரியான முடிவு. நோயாளியை ஏற்றத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதுவும் பாரத்தோடு பார்க்க வேண்டும். பாரத்துக்கு ஆள் தேடினார். 'சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம் லா' என்று அவர் கூப்பிட்டால் தெருவில் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். ஆகவே பின்சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, கிளேபாங் கடற்கரை மணலை மூட்டை மூட்டையாகக் கட்டி அந்த இடத்தில் அடுக்கினார். ஏற்றத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் மேடு.

மாலை தவறாமல் அந்தக் கார் ஆஸ்பத்திரி மேட்டில் முக்கி முனகி ஏறும். வார்டில் படுத்திருப்பவர்களுக்கு, தங்களைவிட மோசமான நிலையில் யாரோ வருகிறார்கள் என்று தோன்றும். பாதி வழியில் நிற்கும். டிரசர் இறங்கி ஸ்டெதாஸ்கோப்பை வைப்பார். நின்ற காரில் எந்தச் சத்தமும் இருக்காது. திரும்ப ஓட்டினால் இன்ஜின் இரைச்சலில் வேறெதுவும் காதில் விழாது. கடைசியில் மேட்ரன் பொறுமை இழந்து, அந்தப் பச்சைக் காரைக் கண்டால் கேட்டை மூடு என்று ஜாகாவுக்கு உத்தரவு போட்டார். கேட்டில் காவல் இருந்த ஜாகா தமிழர்தான்; டிரசர் எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை.

மெர்டேக்கா வந்தது. ஊர் மொத்தமும் பாடாங் மைதானத்தில் கொண்டாட்டத்தில் இருந்தது. டாக்சிகள் எல்லாம் காலையிலேயே போய்விட்டன. கடைகள் அடைத்துக் கிடந்தன. போன் இருந்த சீனன் கடையும் அடைத்துக் கிடந்தது. சரோஜாவுக்கு அது தலைப்பிரசவம். இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தாள்.

நான் ஓடிப்போய் டிரசரைக் கூப்பிட்டேன். அவரும் டிரசரம்மாவும் வந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அவர் வெளியே வந்தபோது, நான் அதுவரை பார்த்திராத ஒரு ஆள் வந்தார். பேச்சில் ஆஸ்துமா இல்லை, சளி இல்லை.

"குழந்தை புரண்டு கிடக்கு, தம்பி. கால் முன்னால வருது. இங்க வச்சுப் பாக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். காடியை எடுக்கிறேன்."

அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. அதனால்தான் மறுபேச்சு பேசாமல் சரோஜாவைத் தூக்க உள்ளே ஓடினேன்.

முன்சீட்டில் சரோஜாவைச் சாய்த்து உட்கார வைத்தோம். பின்னால் மூட்டைகளின் மேல் நானும் டிரசரம்மாவும் ஏறிக்கொண்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டோம். டிரசரின் மருந்துப் பை என் மடியில். சமதரையில் கார் பறந்தது. வாசலில் கொடி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்து, "மெர்டேக்கா!" என்று கூவினார்கள். நாங்களும் கொண்டாடப் போகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். டிரசரம்மா பதிலுக்குக் கையசைத்தார்.

ஆஸ்பத்திரி மேடு தொடங்கியது. காரும் தொடங்கியது. இரைந்தது, திணறியது, நடை தளர்ந்தது. டிரசரின் ஒரு கண் ரோட்டில் இருந்தது; மற்றது முள்ளில்.

"இப்ப எப்படி இருக்கு? குறையுதா?" என்றார்.

"குறையலையே, அதிகமாகுதே!" என்று சரோஜா அலறினாள்.

"உன்னைக் கேக்கலம்மா... சரி, உன்னையும்தான் கேக்குறேன், சொல்லு."

"பெட்ரோல் நாத்தம் தாங்க முடியல! குமட்டுது!"

"மாசமா இருக்கிறப்ப அப்படித்தாம்மா இருக்கும். எதைக் கண்டாலும் நாறும்."

"ஐயோ, இவ்ளோ நேரம் இல்லையே! தெருவுல வர்றப்ப இல்ல, பெரிய ரோட்டுல இல்ல. மேடு ஏறுனப்புறம்தான் வருது. இந்தப் பக்கம், என் காலுக்கு முன்னாலேர்ந்துதான் வருது! உங்களுக்கெல்லாம் மூக்கு இல்லையா?"

டிரசருக்கு மூக்கு இல்லை. எனக்கும் டிரசரம்மாவுக்கும் இருந்தது. ஆனால் நாங்கள் பின்னால் மூட்டைகளின் மேல், உயரத்தில் காற்று வாங்கிக்கொண்டு இருந்தோம்.

டிரசர் காரை நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். "தம்பி, சக்கரத்துக்குக் கல்லு வை" என்றார். நான் இறங்கிக் கல் தேடி வைத்தபோது அவர் மூடியில்லாத இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார். பூசணிக்காயிலிருந்து இன்ஜினுக்குப் போகிற இரும்புக் குழாயை நடுவில் ஒரு ரப்பர்க் குழாய் இணைத்தது. பல மாதமாக நாங்கள் எல்லோரும் பார்த்த குழாய்தான். மேலே பார்க்கப் புதுசாக இருக்கும். டிரசர் கையை அடியில் விட்டுத் தடவினார். விரல் ஈரமாக வந்தது. முகர்ந்து பார்த்தார்; பயனில்லை. நேராகக் கொண்டுவந்து சரோஜாவின் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

"இந்த நாத்தமா பாரும்மா?"

சரோஜா அவர் கைமேலேயே வாந்தி எடுத்தாள்.

"இதேதான்!" என்று டிரசர் துள்ளினார்.

ரப்பரின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். இன்ஜின் சும்மா ஓடும்போது அதன் இரண்டு உதடுகளும் ஒட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்திருக்கின்றன. மேடு ஏறி, உள்ளே அழுத்தம் ஏறினால் மட்டும் பிளந்துகொண்டு, பெட்ரோலும் காற்றுமாக வெளியே துப்பியிருக்கின்றன.

"அடிப்பாவி! இத்தனை மாசமா வாயை மூடிக்கிட்டு இருந்தியேடி!" என்று குழாயைப் பார்த்து டிரசர் கத்தினார்.

"யாரைத் திட்டுறார் இவரு?" என்று சரோஜா அந்த வலியிலும் நிமிர்ந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் பார்த்த வைத்தியங்களிலேயே அழகானது. டிரசர் கையைத் துடைத்தார். பையைத் திறக்கச் சொன்னார். எனிமா டப்பாவின் ரப்பர் டியூபைக் கத்தரித்து, நீளவாக்கில் பிளந்து, கீறலின் மேல் இறுக்கிச் சுற்றினார். அதன்மேல் பிளாஸ்திரி. அதன்மேல் துணிக்கட்டு, கீழிருந்து மேலாக, ஒன்றின்மேல் ஒன்று பாதி படியும்படி, உடைந்த கைக்குக் கட்டுவது போலவே. கடைசியில் நுனியைக் கிழித்து முடிச்சுப் போட்டார். அவர் விரல்கள் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கட்டிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், "மூச்சைப் பிடிச்சு முக்காதம்மா... இப்ப முக்கக் கூடாது. வாயைத் திறந்து ஊது. ஊது. அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது முழுக்க முழுக்க சரோஜாவுக்குச் சொன்னது.

கார் கிளம்பியது. முள் எழுந்தது. துரை காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து நின்றது. அந்தக் கார் உறுமிக்கொண்டு மேலே பாய்ந்த வேகத்தில் நானும் டிரசரம்மாவும் மூட்டைகளோடு பின்னால் சாய்ந்தோம். மேட்டின் உச்சியில் ஜாகா எங்களைப் பார்த்துவிட்டார். ஓடி வந்தார். கேட்டை மூடினார்.

"இன்னிக்கும் டெஸ்ட்டா டிரசர்? பெரிய நாளு அதுவுமா? மேட்ரன் என்னைத்தான் ஏசுவாங்க!"

"யோவ், கேட்டைத் திற! உள்ள பிரசவக் கேசு!"

"போன வாரம் நெஞ்சுவலிக் கேசுன்னீங்க. வந்து பாத்தா மணல் மூட்டை!"

அப்போது சரோஜா எழுந்து நின்றாள். நின்ற காரின் முன்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தலை கலைந்து, கண்கள் சிவந்து, அம்மன் புறப்பாடு மாதிரி நின்று, "அண்ணே! நான் மணல் மூட்டையா?" என்று கேட்டாள்.

கேட் திறந்த வேகத்தில் அதன் கீல் ஒன்று கழன்றது.

உள்ளே டாக்டரிடம் டிரசர் நாலே வாக்கியம் பேசினார். டாக்டர் மறுகேள்வி கேட்காமல் கையைக் கழுவப் போனார். வெளியே பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்தோம். பாடாங் பக்கமிருந்து பாண்டு வாத்தியம் லேசாகக் கேட்டது. டிரசர் பொடி போடவில்லை. டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒரு தடவை என் முழங்காலில் கையை வைத்தார். பிறகு அதை எடுக்கவேயில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் உள்ளேயிருந்து அழுகுரல் கேட்டது. நல்ல சத்தம். டிரசர் கண்ணை மூடி அதை முழுதாகக் கேட்டார்.

"நுரையீரல் அருமையா இருக்கு" என்றார். "பொம்பளைப் பிள்ளை."

"பாக்காம எப்படிச் சொல்றீங்க?"

"உங்க வீட்டம்மா குரல் அப்படியே இருக்கு."

பெண் பிள்ளைதான். தாயும் நலம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதும் டிரசரம்மா நெடுநேரமாக யோசித்துக்கொண்டிருந்த ஒன்றைக் கேட்டார்.

"ஏங்க, காடி மேடு ஏறாம திணறினப்ப அந்த மணல் மூட்டைய இறக்கிப் போட்டிருந்தா, அப்பவே ஏறியிருக்குமே?"

நான் டிரசரைப் பார்த்தேன். டிரசர் என்னைப் பார்த்தார். இருவரும் பிறகு சுவரைப் பார்த்தோம். அந்த மூட்டைகளின் மேல்தான் நானும் டிரசரம்மாவும் வழி முழுக்க உட்கார்ந்து வந்தோம் என்பதை அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

பெயர் வைக்கும் விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்டிருந்தால் என் மகள் இன்றைக்கு 'வாயுதேவி' ஆகியிருப்பாள். சரோஜா தடுத்துவிட்டாள். ரப்பர்க் குழாய் விஷயத்தில் மட்டும் அவரை யாராலும் தடுக்க முடியவில்லை. அ ஃபூக் புதுக் குழாய் வாங்கி வைத்துக்கொண்டு வாரா வாரம் கூப்பிட்டார். "கட்டுப் பிரிக்கிற நேரம் இன்னும் வரல" என்று டிரசர் சொல்லிவிட்டார். துணி நைந்தால் புதுத்துணி சுற்றுவார். கார் எந்த மேட்டிலும் ஏறியது. தெருவில் யாரும் அவரை மீண்டும் வெறும் டிரசர் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சில வருஷம் கழித்து அவரும் டிரசரம்மாவும் மகனோடு இருக்கப் பத்து பெரெண்டாமுக்குக் குடிமாறிப் போனார்கள். எங்கள் மகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். டவுனில் நல்ல டாக்டர் இருந்தார். அவரிடம் காட்டி, மருந்து வாங்கிக்கொள்வோம். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு, பஸ் பிடித்து, பத்து பெரெண்டாமுக்கும் ஒரு நடை போய் வருவோம். டாக்டர் சொன்னதை நாங்கள் நம்பத்தான் செய்தோம். ஆனால் டிரசர் பார்த்து, "ஒண்ணுமில்ல, கொண்டு போங்க" என்று சொன்ன பிறகுதான் வீட்டில் தூக்கம் வந்தது.